பழைய காருக்கு வாங்கிய மூன்று ஆயில் ஃபில்டர்கள்

என்னிடம் இருப்பது 28 ஆண்டுகள் ஓடிய நான்கு சிலிண்டர் பெட்ரோல் கார். இந்த மாடலின் தயாரிப்பு நின்று பல காலம் ஆகிவிட்டதால், கையேட்டில் அச்சிட்டிருக்கும் ஆயில் ஃபில்டர் எண்ணைச் சொல்லிக் கேட்டால், "அந்த நம்பர் இப்போது வருவதில்லை, இதைப் போடுங்கள்" என்று வேறொரு பெட்டியை எடுத்து வைக்கிறார்கள். அப்படி வாங்கிய மூன்று ஃபில்டர்களைப் பற்றியதுதான் இந்த மதிப்புரை. மூன்றும் இந்த எஞ்சினுக்கே உரியவை என்று சொல்லி விற்கப்பட்டவை. ஒன்று மட்டுமே உண்மையில் உரியது. நிறுவனப் பெயர்களை வேண்டுமென்றே எழுதவில்லை. ஒரே பெயரும் ஒரே வண்ணமும் உள்ள பெட்டிக்குள் வேறு வேறு ஆலைகளில் செய்த ஃபில்டர் வருவதுண்டு. அதோடு, என் காருக்கான எண் உங்கள் காருக்கு எந்த வகையிலும் உதவாது. எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்பது மட்டும் எல்லோருக்கும் பொதுவானது.

முதலாவது, பார்வைக்கு நன்றாகவே இருந்தது. மரை சரியாக ஏறியது, ரப்பர் வளையம் எஞ்சினின் முகப்பில் ஒழுங்காக உட்கார்ந்தது, ஒரு சொட்டுக்கூடக் கசியவில்லை. இரண்டு மாதம் கழித்துத் தொந்தரவு தொடங்கியது. இரவு முழுவதும் நின்றிருந்த காரைக் காலையில் கிளப்பினால், நான்கைந்து வினாடிகளுக்கு எஞ்சினிலிருந்து கடகடவென்று ஒரு சத்தம். அதுவரை ஆயில் பிரஷர் விளக்கும் அணையாது. பிறகு எல்லாம் சரியாகிவிடும். மெக்கானிக் டைமிங் செயின் மீது சந்தேகப்பட்டு, முன்பக்க மூடியைக் கழற்றிப் பார்த்துவிடலாம் என்றார். செலவுக்குப் பயந்தே ஒரு வாரம் தள்ளிப்போட்டேன். அந்தத் தயக்கம்தான் என்னைக் காப்பாற்றியது.

என் காரில் ஃபில்டர் எஞ்சினின் பக்கவாட்டில் படுக்கை நிலையில் மாட்டப்படுகிறது. எஞ்சின் நின்றதும், ஃபில்டருக்குள் இருக்கும் ஆயில் வந்த வழியே பம்ப் வழியாக அடித்தொட்டிக்குத் திரும்பி வடியப் பார்க்கும். அதைத் தடுப்பதற்காக, உள்ளே நுழையும் துளைகளின் மேல் ஒரு மெல்லிய ரப்பர்த் தட்டு படிந்திருக்கும். ஆயில் உள்ளே வரும்போது அது வளைந்து வழிவிடும். அழுத்தம் நின்றதும் மீண்டும் துளைகளை மூடிக்கொள்ளும். மூடவில்லை என்றால், காலையில் பம்ப் முதலில் காலி ஃபில்டரை நிரப்ப வேண்டும். அதன் பிறகுதான், எஞ்சினில் சுழலும் தண்டுகளைத் தாங்கும் தாங்கிகளுக்கு (பேரிங்குகளுக்கு) ஆயில் போகும். நான் கேட்ட சத்தம் அந்த இடைவெளியில் வந்ததுதான். கழற்றிய ஃபில்டரை அறுத்துப் பார்த்தபோது, அந்தத் தட்டு காய்ந்த மாவடுவின் தோல்போல விறைத்திருந்தது. விரலால் அழுத்தினால் பள்ளம் விழுந்ததே தவிர எழும்பவில்லை. இந்தத் தட்டை நைட்ரைல் ரப்பரிலும் செய்கிறார்கள், சிலிக்கோனிலும் செய்கிறார்கள். நைட்ரைல் மலிவானது, ஆனால் வெப்பத்தில் நாளடைவில் இறுகிவிடும். சிலிக்கோன் அந்தச் சூட்டை நெடுநாள் தாங்கும். ஃபில்டர் வாய் மேல்நோக்கி நிமிர்ந்து தொங்கும் எஞ்சின்களில் இந்தக் குறை அவ்வளவாகத் தெரியாது. படுக்கையாகவோ தலைகீழாகவோ மாட்டும் எஞ்சின்களில் உடனே காட்டிக்கொடுத்துவிடும்.

இரண்டாவது ஃபில்டரைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஏனென்றால் அதை வைத்து எஞ்சினைக் கிளப்பவே இல்லை. கையால் திருகும்போதே ஏதோ சரியில்லை என்று பட்டது. மரை பிடித்திருந்தது, ஆனால் ஃபில்டரை இப்படியும் அப்படியும் அசைத்தால் லேசாக ஆடியது. சில சுற்றுகளுக்குப் பிறகு இறுக்கமாகிவிட்டதுபோல் ஒரு பொய்யான உணர்வைத் தந்தது. அதைக் கழற்றிவிட்டு, எஞ்சினில் இருக்கும் மரைத்தண்டை வெர்னியர் காலிபரால் அளந்தேன். 19 மில்லிமீட்டருக்குச் சற்றே கூடுதலாக இருந்தது.

பழைய வாகனம் வைத்திருப்பவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்பது நல்லது. ஆயில் ஃபில்டர்களில் மிகப் பரவலாக இருக்கும் இரண்டு மரைகளில் ஒன்று, முக்கால் அங்குல விட்டமும் அங்குலத்துக்கு 16 மரையும் கொண்டது. மில்லிமீட்டரில் அதன் விட்டம் 19.05, மரைக்கு மரை இடைவெளி ஏறத்தாழ 1.59. மற்றது எம்20, அதாவது 20 மில்லிமீட்டர் விட்டமும் 1.5 மில்லிமீட்டர் இடைவெளியும் கொண்டது. முக்கால் அங்குல ஃபில்டர் எம்20 தண்டில் ஏறவே ஏறாது. அதனால் அந்தத் தவறு தானாகவே தெரிந்துவிடும். ஆபத்து எதிர்த்திசையில்தான் இருக்கிறது: எம்20 ஃபில்டர் முக்கால் அங்குலத் தண்டில் ஏறிவிடும். மரையின் நுனிகள் மட்டும் உரசிப் பிடித்துக்கொண்டு, பிடித்ததுபோல் காட்டும். என் ரப்பர் வளையத்தின் உள்விட்டம் 62 மில்லிமீட்டர். அந்த வட்டத்தின் பரப்பு சுமார் 30 சதுர சென்டிமீட்டர். ஆயில் அழுத்தம் 5 பாரை (பார் என்பது அழுத்தத்தின் அலகு) எட்டினால், ஏறத்தாழ 150 கிலோ எடைக்குச் சமமான விசை ஃபில்டரை எஞ்சினிலிருந்து பிடுங்கப் பார்க்கும். நுனியில் தொற்றிக்கொண்டிருக்கும் மரை அதை எத்தனை நாள் தாங்கும்? ஓடும்போது கழன்றால் ஆயில் முழுவதும் சாலையில் போய்விடும், விளக்கைக் கவனிப்பதற்குள் தாங்கிகள் தேய்ந்துவிடும். கடைக்காரர் மறுபேச்சில்லாமல் திரும்ப எடுத்துக்கொண்டார். ஆனால், "பட்டியலில் இந்த மாடலுக்கு இதுதானே போட்டிருக்கிறது" என்று அவர் முணுமுணுத்ததில் பொய்யில்லை. உண்மையாகவே பட்டியலில் அப்படித்தான் இருந்தது.

பட்டியல் ஏன் பிழைக்கிறது என்பதைப் பிறகுதான் புரிந்துகொண்டேன். இந்த மாடலின் பெயர் மாறாமலேயே நடுவில் எஞ்சின் மாறியிருக்கிறது. மாடல் பெயரையும் ஆண்டையும் மட்டும் கொடுத்துத் தேடினால் புதிய எஞ்சினுக்கான ஃபில்டர் வருகிறது. எஞ்சினின் மீது பொறித்திருக்கும் குறியீட்டைக் கொடுத்துத் தேடினால் வேறொன்று வருகிறது. ஒரு நிறுவனத்தின் எண்ணுக்கு நிகரான மற்றொரு நிறுவனத்தின் எண்ணைத் தரும் ஒப்பீட்டு அட்டவணைகளையும் முழுக்க நம்ப முடியவில்லை. மரையும் வளையமும் ஒத்திருந்தாலே "நிகர்" என்று எழுதிவிடுகிறார்கள். உள்ளே இருக்கும் வால்வுகளை அந்த அட்டவணை கண்டுகொள்வதில்லை.

ஆகவே மூன்றாவதைப் பெயரை வைத்துத் தேடாமல் அளவை வைத்துத் தேடினேன். மரை, வளையத்தின் உள்விட்டமும் வெளிவிட்டமும், உருளையின் உயரம், இவற்றோடு பைபாஸ் வால்வு திறக்கும் அழுத்தம். கடைசியாகச் சொன்னது முக்கியம். ஃபில்டர் தாள் அடைத்துக்கொண்டாலோ, குளிரில் ஆயில் கெட்டியாக இருந்தாலோ, எஞ்சின் ஆயிலின்றித் தவிக்காமல் இருக்க, வடிகட்டாமலேயே ஆயிலை அனுப்பிவிடும் வால்வு அது. அழுக்கு ஆயிலாவது போகட்டும், ஆயிலே போகாமல் இருப்பதற்கு அது மேல் என்ற கணக்கு. பல ஃபில்டர்களில் அது ஏறத்தாழ 1 பார் அழுத்த வேறுபாட்டில் திறக்கும். சில எஞ்சின்கள் அதைவிடக் கூடுதலாகக் கேட்கும். சில எஞ்சின்களில் இந்த வால்வு பிளாக்கிலேயே, அதாவது எஞ்சினின் முக்கிய உடற்பகுதியிலேயே, இருக்கும் என்பதால், அவற்றுக்கான ஃபில்டரில் வால்வே இருக்காது. அப்படிப்பட்ட ஃபில்டரை, பிளாக்கில் வால்வு இல்லாத எஞ்சினில் மாட்டினால், அடைப்பு வரும் நாளில் தாள் கிழியும், அல்லது தாங்கிகள் காயும். என் எஞ்சினின் பிளாக்கில் வால்வு இல்லை என்பதைப் பணிமனைக் கையேட்டின் ஆயில் சுற்றோட்டப் படத்தில் உறுதிசெய்துகொண்டேன். விக்ஸ் (WIX) போன்ற ஃபில்டர் நிறுவனங்கள் தங்கள் பட்டியலில் மரை, வளைய அளவு ஆகியவற்றோடு இந்த அழுத்தத்தையும் போடுகின்றன. விவரம் தராத பெட்டியை இப்போதெல்லாம் நான் தொடுவதில்லை. அதேபோல், "99 சதவீதம் வடிகட்டும்" என்று மட்டும் எழுதி, எத்தனை மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவுள்ள துகளை என்று எழுதாமல் விடும் பெட்டியும் எனக்கு ஒன்றையும் சொல்வதாகத் தெரியவில்லை.

மூன்றாவதைப் போட்டு எட்டு மாதம் ஆகிறது. காலைச் சத்தம் முதல் நாளே நின்றது. சாவியைத் திருப்பி எஞ்சின் பிடித்த ஒரு வினாடிக்குள் விளக்கு அணைந்துவிடுகிறது. டைமிங் செயினை யாரும் தொடவில்லை. ஒரே நேரத்தில் இரண்டு வாங்கியிருந்தேன். ஒன்றை மாட்டுவதற்கு முன் மற்றொன்றின் துளைகளுக்குள் ஒரு மெல்லிய குச்சியால் தட்டை அழுத்திப் பார்த்தேன். மென்மையாக உள்ளே போய், விட்டதும் உடனே துளையை மூடியது. இந்தச் சோதனைக்கு எந்தக் கருவியும் வேண்டாம். கடையில் நின்றபடியே செய்யலாம், யாரும் தடுப்பதில்லை.

என் காரைவிட மிக மூத்த வண்டிகள் சிலவற்றில் இந்தத் தகர உருளையே இருக்காது. கழற்றி எறியும் உருளை ஃபில்டர் 1950களில்தான் வந்தது. அதற்கு முன்னும், பிறகு நெடுங்காலமும், கிண்ணத்துக்குள் வைக்கும் தாள் அல்லது துணிச் சுருள்தான். பழைய ஃபோக்ஸ்வாகன் பீட்டிலில் ஆயில் ஃபில்டரே கிடையாது, ஒரு கம்பி வலை மட்டுமே. கிண்ண வகை வைத்திருப்பவர்கள் சுருளின் உயரத்தைவிட, கிண்ணத்தின் விளிம்புப் பள்ளத்தில் ஒட்டிக்கிடக்கும் பழைய ரப்பர் வளையத்தைத்தான் கவனிக்க வேண்டும். அது பல ஆண்டுச் சூட்டில் இரும்போடு இரும்பாகக் கறுத்திருக்கும், கண்ணுக்குத் தெரியாது. அதன் மேல் புதிய வளையத்தை வைத்து இறுக்கினால், கிளப்பியதும் ஆயில் பீய்ச்சி அடிக்கும். ஒரு ஊசியால் பள்ளத்தைச் சுற்றி ஒருமுறை கீறிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

மூன்றாவதிலும் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. பழைய அசல் ஃபில்டரைவிட இது 12 மில்லிமீட்டர் நீளம். வேறெதிலும் இடிக்கவில்லை, ஆனால் எக்ஸாஸ்ட் குழாய்க்கும் இதற்கும் இடையில் இரண்டு விரல் நுழையும் அளவுக்குத்தான் இடமிருக்கிறது. அடிப்பக்கம் வழுவழுப்பாக இருப்பதால், ஸ்பானர் பிடிக்க அறுகோணமும் இல்லை. வளையத்தில் ஆயில் தடவி, முகப்பைத் தொட்ட பின் முக்கால் சுற்று கையால் இறுக்கியதோடு நிறுத்தினேன். அப்படியிருந்தும், அடுத்த முறை கழற்ற பெல்ட் வகை ஸ்பானரோடு காரின் அடியில்தான் படுக்க வேண்டியிருக்கும்.