புதியது என்று விற்ற பழைய பிஎல்சி: 78,000 ரூபாய் போயிற்று, நீங்களாவது உஷாராக இருங்கள்

தொழிற்சாலை உதிரிபாகங்களை இணையத்தில் வாங்குகிறவர்கள், குறிப்பாக சீமென்ஸ் எஸ்7-300 பிஎல்சியின் (ஆலை இயந்திரங்களை இயக்கும் கட்டுப்பாட்டுக் கணினி) மூளையான சிபியு தேடி அலைகிறவர்கள், பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். எங்கோ ஓடித் தேய்ந்த ஒன்றைப் புதியது என்று என் தலையில் கட்டி, 78,000 ரூபாயை விழுங்கிவிட்டார்கள்.

நாகர்கோவிலில் இருந்துகொண்டு சுற்றுவட்டார ஆலைகளின் தானியங்கிக் கட்டுப்பாட்டுக் கருவிகளைப் பழுது பார்ப்பது என் தொழில். குலசேகரம் பக்கத்து ரப்பர் பால் ஆலை ஒன்றில் இடிமழையில் அந்த வரிசையின் 315-2 பிஎன்/டிபி மாடல் சிபியு செத்துவிட்டது. அம்மோனியா கலந்த பால் தொட்டிகளில் நிற்க, அதைச் சுழற்றி 60 சதவீத ரப்பர்ச் செறிவுக்குக் கொண்டுவரும் இயந்திரங்கள் அசையாமல் கிடந்தன. எஸ்7-300 வரிசையைத் தயாரிப்பு நிறுவனமே 2023 அக்டோபர் முதல் விலக்கிக்கொண்டு வருவதால், புதிய சரக்கு எளிதில் அகப்படுவதில்லை. அடுத்து வந்த எஸ்7-1500 வரிசைக்கு மாறலாம் என்றால் புரோகிராமையும் வயரிங்கையும் மாற்றி அமைக்க வேண்டும். இந்த அவசரத்தைத்தான் ஏமாற்றுக்காரர்கள் மோப்பம் பிடிக்கிறார்கள்.

பல விற்பனையாளர்கள் கடை விரித்திருக்கும் ஓர் இணையச் சந்தையில் அந்த ஆள் கிடைத்தார். நல்ல தமிழில் பேசினார். வீடியோ அழைப்பில் வந்து, முத்திரை உடையாத பெட்டியைத் திருப்பித் திருப்பிக் காட்டி, ஆர்டர் எண்ணை எழுத்தெழுத்தாக வாசித்து, "ஆலை நின்றால் என்ன பாடு என்று எனக்குத் தெரியும் சார், உங்களுக்குத் திருப்தியானால் மட்டும் பணம் கட்டுங்கள், இன்றைக்கே அனுப்பிவிடுகிறேன்" என்று அவர் சொன்ன விதத்தில் எவருக்கும் நம்பிக்கை வரும். ஜிஎஸ்டி பில்லும் வந்தது. 78,000 ரூபாயை அந்தத் தளத்தின் வழியாகவே கட்டினேன்.

பொருத்தி மின்சாரம் கொடுத்ததும் விளக்குகள் எரிந்தன. ஆனால் நெட்வொர்க் போர்ட் இரண்டும் ஊமை. எம்பிஐ என்ற இன்னொரு போர்ட்டில் கேபிளைச் செருகி, சிபியு தனக்கு நேர்ந்ததையெல்லாம் குறித்துவைக்கும் டயக்னாஸ்டிக் பஃபரைத் திறந்தபோதுதான் குட்டு வெளிப்பட்டது. மெமரி ரீசெட் செய்தாலும் இந்தப் பதிவேடு அழியாது. மின்சாரத்தை நிறுத்தினாலும் கடைசி 100 பதிவுகள் தங்கிவிடும். அதில் 2017 மார்ச் முதல் நவம்பர் வரை, எந்த ஊர் ஆலையோ, ஸ்டாப் ஆனதும் உள்ளீட்டு மாட்யூல் பதில் சொல்லாததும் வரிவரியாகக் கிடந்தன. சிபியுவின் உள்ளே பதிந்த மாட்யூல் விவரத்தில் இருந்த சீரியல் எண் ஒன்று, மேலே ஒட்டியிருந்த பளபளப்பான ஸ்டிக்கரில் இருந்தது வேறொன்று.

விற்றவரைக் கேட்டால், "உங்கள் ஊர்க் கரண்டில் ஏற்ற இறக்கம் இருந்திருக்கும்" என்றார். பதிவுகளைப் படம் பிடித்து அனுப்பினேன். கம்பெனியில் சோதித்தபோது பதிந்தவையாம். எட்டு மாதமா சோதிப்பார்கள்? பிறகு போனை எடுப்பதில்லை. சந்தைத் தளமோ, முத்திரை உடைத்த தொழிற்கருவியைத் திரும்பப் பெற முடியாது என்று ஒரே வாசகத்தைத் திரும்பத் திரும்ப அனுப்பி, "தீர்வு காணப்பட்டது" என்று புகாரை மூடிவிட்டது. முத்திரையை உடைக்காமல் பிஎல்சியை எப்படி ஓட்டிப் பார்ப்பது என்பதற்கு மட்டும் அங்கே பதில் இல்லை. ஆலை முதலாளி, "தம்பி, பைசா எங்க போச்சுண்ணு எனக்குத் தெரியாண்டாம், மிஷின் ஓடணும்" என்கிறார். அவர் சொல்வதும் நியாயம்தான். 78,000 ரூபாய் என் கையை விட்டுப் போன பணம்.

வாங்குகிறவர்கள் கவனிக்க வேண்டியதை விரிவாக எழுத நினைத்திருந்தேன், பொறுமை இல்லை. சீரியல் எண் எழுதாத பில்லை ஏற்காதீர்கள். என்னுடையதில் வெறும் "மின்னணுப் பொருள்" என்றுதான் இருக்கிறது. பெட்டியைப் பிரிப்பதை முழுதாக வீடியோ எடுங்கள். மின்சாரம் கொடுத்தவுடன், புரோகிராமை ஏற்றுவதற்கு முன்பே, பஃபரையும் சீரியல் எண்ணையும் பாருங்கள். 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் உடனே புகார் பதியுங்கள். வணிகத்துக்கு வாங்கியது என்று சொல்லித் தட்டிக்கழித்தால், சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டும் வாங்குகிறவரும் நுகர்வோர்தான் என்று 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சொல்வதை எடுத்துக் காட்டுங்கள். நானும் அதைச் சொல்லித்தான் இப்போது மனு எழுதிக்கொண்டிருக்கிறேன்.