பாண்டியில் ஃபாக் லைட் மாட்டுகிறீர்களா? டேப்பைப் பிரித்துப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்

புதுச்சேரிக் கடை ஒன்றில் 20 வாட் ஃபாக் லைட் இரண்டு மாட்டிய வண்டி. ஐப்பசி மழை தொடங்கியதும் லைட் விட்டுவிட்டு எரிந்தது, ஹெட்லைட்டும் சேர்ந்து மங்கியது. டேங்கைக் கழற்றிப் பார்த்தால் வயிறு எரிகிறது. பில்லில் ரிலே (சிறு கரண்டால் பெரிய கரண்டை இயக்கும் சுவிட்ச்), ஃப்யூஸ், காப்பர் வயர், வாட்டர்ப்ரூஃப் ஜாயின்ட் என்று நான்குக்கும் தனித்தனியாகக் காசு. வண்டியில் நான்கில் ஒன்றுகூட இல்லை. ஹெட்லைட் வயரின் தோலைச் சீவி, புது வயரைக் கையால் முறுக்கி, கறுப்பு டேப் சுற்றி முடித்திருக்கிறார்கள். அதுவும் கோன் செட் (ஹேண்டில் திரும்பும் பேரிங்) பக்கத்தில், ஹேண்டிலைத் திருப்பும்போதெல்லாம் வயர் மடங்குகிற இடத்தில். கடையில் கேட்டதற்கு, வேறு டேப் சுற்றித் தருவதாகப் பதில்.

டேப் எவ்வளவு சுற்றினாலும் முறுக்கு இறுகாது. இன்ஜின் சூட்டில் டேப்பின் பசை இளகி ஓரம் பிரியும், உப்பு ஈரம் உள்ளே போகும், செம்பு பச்சை பூக்கும். வீராம்பட்டினம், தேவனாம்பட்டினம் மாதிரி கடலோரத்தில் நிற்கும் வண்டிகளில் இது இன்னும் சீக்கிரம் நடக்கும். இரண்டு லைட்டும் சேர்ந்து இழுப்பது சுமார் 3.3 ஆம்பியர். கெட்டுப்போன இணைப்பில் 1 வோல்ட் இறங்கினால், 3 வாட்டுக்கு மேல் அந்த ஒரே இடத்தில் சூடாக மாறுகிறது. ஃப்யூஸும் இல்லாத லைனில் தோல் உருகி வயர் பாடியில் தொட்டால் தீப்பிடிக்கவும் கூடும்.

வயரும் ஏமாற்றுதான். ஓர் இழையைக் கத்தியால் சுரண்டினால் உள்ளே வெள்ளையாக இருந்தது: அலுமினியத்தின் மேல் செம்புப் பூச்சு. வெளியே வெள்ளி நிறமாக இருந்து சுரண்டினால் சிவப்பு தெரிகிற வயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், அது ஈயம் பூசிய நல்ல செம்பு.

சரியான வேலை இப்படி இருக்கும். முதலில் பேட்டரியின் மைனஸைக் கழற்ற வேண்டும். பிளஸ்ஸிலிருந்து ஒரு சாணுக்குள் 5 ஆம்பியர் ஃப்யூஸ், அங்கிருந்து 1 சதுர மி.மீ. செம்பு வயர் ரிலேயின் 30ஆம் பின்னுக்கு. 87இலிருந்து லைட்டுக்கு. 86க்குச் சாவி போட்டால் மட்டும் கரண்ட் வரும் லைனிலிருந்து சுவிட்ச் வழியாக வயர், 85 எர்த். சுவிட்சைத் தட்டினால் ரிலே ‘டக்’கென்று சத்தம் கொடுக்கும். சத்தமே இல்லையென்றால் ரிலே எங்கே என்று அங்கேயே காட்டச் சொல்லுங்கள்.

இணைப்புக்கு வயர் அளவுக்கேற்ற திம்பிள், அதாவது வயர் முனையில் நசுக்கிப் பொருத்தும் உலோகத் துண்டு, வேண்டும். நல்ல திம்பிளில் இரண்டு ஜோடிக் காது உண்டு: முன்ஜோடி செம்பைப் பிடிக்க, பின்ஜோடி தோலைப் பிடிக்க. கட்டிங் பிளேயரால் நசுக்கினால் பிடிக்காது, இழைதான் அறுபடும். திம்பிளைச் சரியாக நசுக்கிப் பிடிக்கவைக்கும் கிரிம்பிங் டூல் இல்லாத கடையில் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள். கிரிம்ப் செய்ததும் கையால் பலமாக இழுத்துப் பார்க்க வேண்டும், வழுக்கினால் வெட்டிவிட்டு மறுபடி செய்ய வேண்டும். ‘சால்டர் வைத்துத் தருகிறேன்’ என்பார்கள், அதாவது ஈயத்தை உருக்கி ஒட்டுவது. ஈயம் இழைக்குள் ஏறி நிற்கிற இடத்தில் வயர் விறைத்துவிடும், வண்டியின் அதிர்வில் சரியாக அங்கேதான் முறியும். ஆடாதபடி கட்டிவைத்த இடத்தில் மட்டும் அது சரி. இணைப்பின் மேலே உள்பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ், சூடு காட்டினால் சுருங்கி இறுகும் குழாய். சூடு காட்டும்போது இரு முனையிலும் பசை கசிந்து வந்தால்தான் தண்ணீர் போகாது. ஸ்லீவை இணைக்கும் முன்பே வயரில் கோத்துவிட வேண்டும், அவசரத்தில் இதை மறந்துவிட்டுத்தான் டேப்பைத் தேடுகிறார்கள்.

பணம் கொடுக்கும் முன் லைட்டை எரியவிட்டு, மல்டிமீட்டரை டிசி வோல்டில் வைத்து, ஒவ்வோர் இணைப்பின் இருபுறமும் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். 0.1 வோல்டைத் தாண்டக் கூடாது. ஹேண்டிலை இருபக்கமும் கடைசிவரை திருப்பி, வயர் எங்கும் இழுபடுகிறதா என்றும் பாருங்கள்.

பில்லில் ஒவ்வொரு பாகமும் தனியாக எழுதியிருக்கட்டும். போட்டதாக எழுதி, போடாத பாகத்துக்கு 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுக்கலாம். டேப்பைப் பிரித்து எடுத்த போட்டோவையும் பில்லையும் சேர்த்து வையுங்கள்.