பேர்ஸ் தையல்: வெளிப்பக்கமா, உட்பக்கமா?

கையால் தோல் பேர்ஸ் தைக்கும்போது எந்தப் பக்கத்திலிருந்து துளை போட்டுத் தைப்பது? வெள்ளவத்தையில் வீட்டு மேசையில் வைத்தே இதுவரை இருபதுக்குக் கிட்டத் தைத்துவிட்டேன். முதல் பாதி வெளிப்பக்கத்திலிருந்து. இப்போது உட்பக்கத்திலிருந்துதான்.

வெளிப்பக்கத்தின் பலம் அழகு. பல் உளி, அதாவது வரிசைப் பற்களால் தோலில் துளை போடும் உளி, இறங்கும் பக்கத்தில் துளைகள் சுத்தமாக, ஒரே கோட்டில் விழும். சரிந்த பல்லின் வாகில் நூலும் சாய்ந்து படுக்கும். மறுபக்கத்தில் தோல் லேசாகப் பிதுங்கும், கோடும் அலையும். மெஷினில் தைப்பவர்கள் மேல் நூல் விழும் பக்கத்தை வெளியே வைப்பதும் அதனால்தான். அட்டை (காட்) செருகும் பையே இல்லாத, பணம் மட்டும் வைக்கிற பேர்ஸ் என்றால் நானும் இன்றைக்கும் அப்படித்தான் தைப்பேன்.

அட்டைப் பைகள் படிப்படியாக அடுக்கப்பட்டால் கதை வேறு. அத்தானுக்கு ஒன்று தைத்துக் கொடுத்தேன், வெளியே பார்த்தால் ஒரு குறையும் சொல்ல முடியாது. தினமும் 100 ஆம் இலக்க பஸ்ஸில் புறக்கோட்டைக்குப் போய் வருகிறவர். ஐந்தாவது மாதம் அதைத் திருப்பிக் கொண்டுவந்து, "நூல் ஒண்டும் அறேல்லை, ஆனா காட் நிக்குதில்லை, பார்" என்றார். விரித்துப் பார்த்தேன். இரண்டாவது பையின் வாய் விளிம்பிலேயே ஒரு துளை விழுந்திருந்தது. 1 மில்லிமீற்றர் தோலின் ஓரத்தை உளி அரை வட்டமாகக் கடித்துவிட்டது. ஒவ்வொரு முறை அட்டையை இழுக்கும்போதும் அந்த மூலைதான் இழுபட்டிருக்கிறது. தோல் கிழிந்து, வாய் நூலை விட்டே கழன்றிருந்தது.

பேர்ஸ் முதலில் போவது இந்த இடத்தில்தான். பையின் வாய் இரண்டு துளைகளுக்கு நடுவில் இருக்கவேண்டும். அப்போதுதான் ஒரு தையல் அந்த விளிம்பைத் தாண்டி, அதை அமுக்கிப் பிடிக்கும். வெளிப்பக்கத்திலிருந்து உளி வைக்கிறவருக்கு அந்த விளிம்பு கண்ணுக்கே தெரியாது. உட்பக்கத்திலிருந்து வைத்தால் தெரியும். தேவைப்பட்டால் உளியை மயிரிழை தள்ளிவைக்கலாம்.

கணக்குப் போட்டு வெளியிலிருந்தே செய்யலாமே என்று கேட்கலாம். என் உளியின் பல் இடைவெளி 4 மில்லிமீற்றர். பைகளை 12 மில்லிமீற்றர் படியாக அடுக்கினால் எல்லா வாய்களும் துளைகளுக்கு நடுவில் வரவேண்டும். தாளில் வரும். பசை பூசி ஒட்டும்போது தோல் இழுபட்டு ஒரு மில்லிமீற்றர் நகர்ந்தாலே கணக்குப் பிசகிவிடும். படியை 12 ஆகவே வைத்துக்கொண்டு, துளையைக் கண்ணால் பார்த்து உள்ளிருந்து போடுகிறேன்.

இதற்கும் விலை உண்டு. வெளிப்பக்க நூல் சாயாமல் நேராகப் படுக்கும். ஒவ்வொரு தையலிலும் நூலை ஊசிக்கு மேலால் ஒரு சுற்றுப் போட்டால் கொஞ்சம் சாயும், ஆனால் நேரம் கிட்டத்தட்ட இரட்டிப்பாகிறது. உளி சரிந்தால் வெளிக்கோடு விளிம்பைத் தாண்டிவிடும் என்பதால் ஓரத்தில் 3க்குப் பதில் 4 மில்லிமீற்றர் விடுகிறேன். பிதுங்கிய துளைகளைத் தைத்தபின் சுத்தியலால் மெதுவாகத் தட்டினால் பெரும்பாலும் அமர்ந்துவிடும்.

நான் சொல்வது விறைப்பான தோலுக்கு. கைப்பை செய்கிற மெத்தென்ற தோலில் இப்படி இரண்டுதான் தைத்திருக்கிறேன்; அதில் வெளிக்கோடு எனக்குத் திருப்தியாக வரவில்லை. பற்கள் எதிர்ப்பக்கம் சரிந்த எதிர்ச்சாய்வுப் பல் உளி இருந்தால் வெளிப்பக்கச் சாய்வும் சரியாக வரும். ஒரு நண்பரிடம் வாங்கி ஒரே ஒரு தடவை பாவித்தேன், நன்றாகவே வந்தது. ஆனால் ஒன்றை வைத்துத் தீர்ப்புச் சொல்ல மாட்டேன்.

அத்தானின் பேர்ஸில் வெளித்தோலை அப்படியே வைத்துக்கொண்டு, உள் பைகளை மட்டும் புதிதாக வெட்டினேன். பழைய துளைகளை நகர்த்த முடியாதே, அதனால் பைகளை 2 மில்லிமீற்றர் கீழே இறக்கி ஒட்டினேன். வாய்கள் எல்லாம் துளைகளுக்கு நடுவில் வந்தன. ஒரு வருடமாக அதே பஸ்ஸில் போய் வருகிறது, அட்டை விழவில்லை.