ஆர்டிஎக்ஸ் 4080-ஆ, 7900 எக்ஸ்டிஎக்ஸா?

கணினியில் கேம் காட்சிகளை வரையும் கிராஃபிக்ஸ் கார்டுகளில், என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 4080 கடைக்கு வந்தது 2022 நவம்பர் 16 அன்று, 1,199 டாலர் விலையில். நான்கு வாரம் கழித்து, டிசம்பர் 13 அன்று, ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 7900 எக்ஸ்டிஎக்ஸ் 999 டாலருக்கு வந்தது. இரண்டும் இப்போது செகண்ட் ஹேண்டில் கிடைப்பதால், எதை வாங்கலாம் என்று நண்பர்கள் இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். "எதற்கு வாங்குறீங்க?" என்று திருப்பிக் கேட்காமல் நான் பதில் சொன்னதில்லை. இந்த இரண்டு கார்டுகளையும் ஒரே ஒரு சராசரி எண்ணில் அடக்கினால், வாங்குகிறவர் ஏமாந்துபோவார்.

முதலில் பேப்பரில் இருக்கும் கணக்கு. எக்ஸ்டிஎக்ஸில் 24 ஜிபி மெமரி. நொடிக்கு 960 ஜிபி தரவு போய்வரும். 4080-இல் 16 ஜிபி. நொடிக்கு 717 ஜிபி. கணக்குப் போடும் திறன் எக்ஸ்டிஎக்ஸில் 61 டெராஃப்ளாப் (ஒரு டெராஃப்ளாப் என்றால் நொடிக்கு லட்சம் கோடி கணக்குகள்), 4080-இல் 49-க்குச் சற்றுக் குறைவு. இதை நம்பினால் எக்ஸ்டிஎக்ஸ் கால் பங்கு முந்த வேண்டும். ஆனால் ரே டிரேசிங், அதாவது ஒளிக்கதிர்களின் பாதையைக் கணக்கிட்டு வரையும் முறை, இல்லாத கேம்களை 4கே-யில் ஓட்டினால் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாகவே போகும். எக்ஸ்டிஎக்ஸ் மொத்தத்தில் சில சதவீதம் முன்னால் நிற்கும், அவ்வளவுதான்.

மீதி வேகம் எங்கே போனது? ஏஎம்டி சொல்லும் 61, ஒரே சுற்றில் இரண்டு கட்டளைகளைச் சேர்த்து முடித்தால் மட்டும் கிடைப்பது. ஜோடி சேரக்கூடிய கட்டளைகளை, கோடை கார்டுக்குப் புரியும்படி மாற்றும் கம்பைலர் தேடிக் கொடுக்க வேண்டும். கேம் கோடில் அது எப்போதாவதுதான் அமையும். அடுப்பில் இரண்டு தோசைக்கல் இருந்தாலும், இரண்டாவது கல்லுக்கு மாவு தயாராக இருந்தால்தானே ஒரே நேரத்தில் இரண்டு தோசை? அமையும் இடத்தில் எக்ஸ்டிஎக்ஸ் நன்றாகவே பாயும். 'கால் ஆஃப் டியூட்டி: மாடர்ன் வார்ஃபேர் 2' மாதிரி கேம்களில் அது 4080-ஐ வெகுவாக முந்தியது. அந்த வகை கேம்களே உங்கள் உலகம் என்றால், 200 டாலர் குறைவான கார்டை எடுத்தவர் புத்திசாலி.

ரே டிரேசிங்கை ஆன் செய்ததும் கதை மாறிவிடும்.

சைபர்பங்க் 2077-இல் மழை விட்ட இரவில் தெருவில் நில்லுங்கள். தரையில் தேங்கிய தண்ணீரில் கடைகளின் நியான் எழுத்து தலைகீழாக நெளியும். எதிரே வரும் காரின் விளக்கு முதலில் ஈரச் சுவரில் பட்டு, அங்கிருந்து உங்கள் கையில் இருக்கும் துப்பாக்கியின் உலோகத்தில் மங்கலாக விழும். 2023 ஏப்ரலில் வந்த பாத் டிரேசிங் முறையில் இந்த ஒளியெல்லாம் கதிர் கதிராகக் கணக்கிடப்படுகிறது. அந்தத் தெருவில் கேமராவைச் சட்டென்று திருப்பினால் எக்ஸ்டிஎக்ஸில் படம் தனித்தனி ஃபோட்டோவாக மாறுவது தெரியும். 4080-உம் அங்கே மூச்சு வாங்கத்தான் செய்கிறது, ஆனால் சின்னப் படத்தைப் பெரிதாக்கும் என்விடியாவின் டிஎல்எஸ்எஸ் துணையோடு விளையாடும் வேகத்தில் ஓடுகிறது. இடைவெளி இரண்டு மடங்குக்கும் மேல்.

காரணம் சில்லுக்குள்ளேயே இருக்கிறது. ஒரு கதிர் எந்தப் பொருளின் மேல் படும் என்று கண்டுபிடிக்க, காட்சி முழுவதையும் பெட்டிக்குள் பெட்டியாகப் பிரித்து, மேலிருந்து கீழே தேடிக்கொண்டே போக வேண்டும். 4080-இல் இந்தத் தேடல் முழுவதையும் ஆர்டி கோர் என்ற தனிப் பகுதி பார்த்துக்கொள்கிறது. எக்ஸ்டிஎக்ஸில் 'இந்தப் பெட்டியில் படுகிறதா, இல்லையா' என்ற சோதனைக்கு மட்டும்தான் தனி வன்பொருள். அடுத்து எந்தப் பெட்டிக்குப் போவது என்ற முடிவை, படம் வரைய வேண்டிய ஷேடர்களே எடுக்கின்றன. வரைகிற ஆளையே வழி தேடவும் அனுப்பினால் இரண்டு வேலையும் தாமதமாகும். ரே டிரேசிங்கைக் கொஞ்சமாகத் தொட்டுக்கொள்ளும் கேம்களில் இது பெரிதாக உறுத்தாது. கதிர்கள் கூடக்கூட இடைவெளியும் கூடும்.

அப்புறம், குறைந்த ரெசல்யூஷனில் வரைந்து பெரிதாக்கும் நுட்பம். மின்கம்பி, கம்பிவேலி, தலைமுடி, இவற்றை உற்றுப் பார்த்தால் போதும். டிஎல்எஸ்எஸ்ஸில் கோடு கோடாகவே நிற்கும். ஏஎம்டியின் அதே வகை நுட்பமான எஃப்எஸ்ஆர் 2, 3 இரண்டிலும் நகரும்போது மினுமினுக்கும். பயிற்சி பெற்ற ஏஐ-யை வைத்து இயங்கும் எஃப்எஸ்ஆர் 4 2025 மார்ச்சில் வந்தபோது ஏஎம்டியின் 9000 வரிசைக்கு மட்டும்தான் கிடைத்தது. 999 டாலர் கொடுத்து எக்ஸ்டிஎக்ஸ் வாங்கியவர்களுக்கு அது நியாயமே இல்லை என்பது என் கருத்து.

மின்சாரத்தையும் சொல்ல வேண்டும். எக்ஸ்டிஎக்ஸுக்கு 355 வாட். கேமில் அதை முழுசாகக் குடித்துவிடும். 4080-க்கு 320 என்று எழுதியிருந்தாலும் பெரும்பாலும் அதற்குக் கீழேதான் ஓடுகிறது. சித்திரை வெயிலில் ஏசி இல்லாத சின்ன அறையில் உட்கார்ந்து விளையாடுபவருக்கு இந்த வித்தியாசம் உடம்பிலேயே தெரியும். எக்ஸ்டிஎக்ஸ் வெளிவந்த புதிதில் இரண்டு மானிட்டர் மாட்டி சும்மா வைத்திருந்தாலே சிலருக்கு 100 வாட்டை நெருங்கியது. பின்னர் வந்த டிரைவர்களில் அது நன்றாகக் குறைந்தது.

வேலைக்கு என்றால்? 3டி மென்பொருளான பிளெண்டரில் ரெண்டர் செய்பவர் யோசிக்கவே வேண்டாம், 4080-தான். இரண்டு மடங்குக்கு மேல் வேகம். வீட்டிலேயே சாட்ஜிபிடி போன்ற ஏஐ மொழி மாதிரிகளை ஓட்டிப் பார்ப்பவருக்கு மட்டும் கணக்கு வேறு. 3,200 கோடி அளவுருக்கள் (மாதிரி கற்றுவைத்திருக்கும் எண்கள்) கொண்ட மாதிரியில் ஒவ்வொரு எண்ணையும் 4 பிட்டாகச் சுருக்கினாலும் அந்த எண்களுக்கே 16 ஜிபி வேண்டும், உரையாடலுக்கான இடம் தனி. 4080-இல் அது அடங்காது, எக்ஸ்டிஎக்ஸில் அடங்கும். 2023 அக்டோபர் முதல் லினக்ஸில் ஏஐ மாதிரிகளை இயக்கும் மென்பொருளான பைடார்ச்சும் அதில் முறையாக ஓடுகிறது. வழியில் கொஞ்சம் மல்லுக்கட்ட வேண்டியிருக்கும், ஆனாலும் அந்த 8 ஜிபி கூடுதல் மெமரிக்கு ஈடு எதுவும் இல்லை.

2024 ஜனவரி 31 அன்று 4080 சூப்பர் 999 டாலருக்கே வந்ததும் எக்ஸ்டிஎக்ஸின் விலை வாதம் பாதி போய்விட்டது. என் பணத்தில் ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் நான் 4080 பக்கம்தான் போவேன். அந்த ஈரத் தெருவை ஒருமுறை முழு ஒளியில் பார்த்த பிறகு, அதை ஆஃப் செய்துவிட்டு விளையாட எனக்கு மனசு வருவதில்லை.

செகண்ட் ஹேண்டில் எக்ஸ்டிஎக்ஸ் பார்க்கிறீர்களா, அது ஏஎம்டியின் சொந்த வடிவமைப்பா என்று முதலில் கேளுங்கள். ஆரம்பத்தில் வந்த அவற்றில் சிலவற்றின் கூலரில் குறை இருந்ததை 2023 ஜனவரியில் ஏஎம்டியே ஒப்புக்கொண்டது. கேபினெட்டில் வழக்கம்போல மாட்டி இருபது நிமிடம் கனமான கேம் ஒன்றை ஓட்டி, ஹாட்ஸ்பாட் வெப்பத்தை, அதாவது சில்லின் மிகச் சூடான இடத்தின் வெப்பத்தை, பாருங்கள். 110 டிகிரியைத் தொட்டு, ஃபேன் அலறி, வேகம் குறைந்தால் விலை எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். 4080 என்றால், பவர் கேபிள் சொருகும் இடத்தில் பின்களும் பிளாஸ்டிக்கும் நிறம் மாறியிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.