கடல் காற்றை அடைக்காத வீடு

அக்கா மகளின் கலியாணத்துக்காகத் திருகோணமலைக்குப் போனபோது, நகரத்துக்குள் பழைய அரச தொடர்மாடி ஒன்றில் புதுப்பித்த வீட்டை மூன்று நாளுக்கு எடுத்தோம். இரண்டாம் மாடி, இரண்டு அறை, லிப்ட் இல்லை. இரவுக்கு 9,000 ரூபா. அப்பா துறைமுகத்தில் வேலை செய்த காலத்தில் இதே மாதிரித் தொடர்மாடியில்தான் நாங்கள் வளர்ந்தோம். அதனால் கொஞ்சம் கண்டிப்பாகவே பார்த்தேன்.

விறாந்தைச் சுவரின் துளைவைத்த சீமெந்துக் கற்களை அப்படியே விட்டிருக்கிறார்கள். எனக்கு அதுவே பெரிய சந்தோஷம். திருத்துகிறவர்கள் பலர் முதல் வேலையாக அதை அடைத்துக் கண்ணாடி போட்டு ஏசி பூட்டிவிடுவார்கள். நாங்கள் போனது ஆனி மாதம், மேற்கிலிருந்து சூடான கச்சான் காற்று அடிக்கிற நேரம். மத்தியானம் மேற்கு யன்னலைச் சாத்தி வைத்தோம். பின்னேரம் கடல் காற்று திரும்பியதும் விறாந்தையால் வீடு முழுக்க வந்தது. இரவில் ஒரு பேன் போதும். சிவப்புச் சீமெந்துத் தரைக்கும் மாபிள் ஒட்டவில்லை, பொலிஷ் போட்டிருக்கிறார்கள். வெறுங்காலுக்குக் குளிர்ச்சி.

பல்கனிக் கூரையையும் அண்ணாந்து பார்த்தேன். கடலோரத்தில் உப்பு உள்ளே போய்க் கம்பி துருப்பிடித்து வீங்கும், கொங்கிரீட் பிளந்து விழும். "கொத்தி எடுத்து, துருவைத் தேய்த்து, மருந்து அடித்த பிறகுதான் சீமெந்து பூசினோம் அக்கா" என்றார் வீட்டைப் பார்த்துக்கொள்கிற தம்பி. கீறல் ஒன்றும் இல்லை.

குசினிதான் பிழை. இடைச்சுவரை உடைத்து ஹோலோடு சேர்த்துவிட்டார்கள். பாரை மீன் பொரித்த மணம் மறுநாளும் கதிரைத் துணியில் நின்றது, கலியாணச் சீலைகளைத் தொங்கவிட்டதும் அங்கேதான். 1950களில் கண்டி வட்டபுளுவ குடியிருப்பை வடிவமைத்த கட்டடக் கலைஞர் மினெட் டி சில்வா, குடிவரப் போகிறவர்களிடம் அவர்கள் வாழும் விதத்தைக் கேட்டுத்தான் வரைந்தார். இங்கேயும் சமைக்கிற ஒரு ஆளிடம் கேட்டிருக்கலாம். ஒரு இழுவைக் கதவு போட்டாலே சரியாகிவிடும்.

வயதானவர்களுக்குப் படி கஷ்டம், அம்மாவை ஒரு தரம்தான் கீழே இறக்கினோம். விடிய வாசலில் இரண்டு புள்ளிமான் நின்றதைப் பார்க்கத்தான் அந்த ஒரு தரம்.

நாங்கள் வளர்ந்த வீட்டில் மாரி மழைச் சாரல் விறாந்தையின் துளைக் கற்களுக்குள்ளால் அடிக்கும்போது அம்மா சாக்குக் கட்டுவார். இங்கே என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். தம்பி மேலே சுருட்டிக் கட்டியிருந்த பிரம்புத் தட்டியை அவிழ்த்து இறக்கிக் காட்டினார். தைப்பொங்கலுக்கும் அந்த வீட்டையே சொல்லி வைத்திருக்கிறேன்.