ஒரு கிளிக் எவ்வளவு? வேலூர் வெயிலில் ஆறு வருடம் பிலிம் ஓட்டிய கணக்கு

என் மருந்துக்கடையில் கடன் சொல்லி வாங்குபவர்களுக்கென்று ஒரு நோட்டு உண்டு. அதன் கடைசிப் பக்கங்களில் 2018 முதல் இன்னொரு கணக்கும் ஓடுகிறது. கேமராவுக்குப் பிலிம் வாங்கியது, கழுவியது, ஸ்கேன் செய்தது, கூரியர். முன்பக்கக் கணக்காவது என்றைக்காவது வசூலாகும். 2024 கடைசியில் உட்கார்ந்து கூட்டினேன். 71 ரோல், 92 ஆயிரத்துச் சொச்சம்.

71 ரோல் என்றால் ஏறக்குறைய 2,500 படம். ஒரு கிளிக்குக்கு 36 ரூபாய். இதில் ஆல்பத்தில் ஒட்டலாம் என்று நானே ஒத்துக்கொண்டவை 118. அப்படிப் போட்டால் ஒரு படம் 780 ரூபாய். என் மனைவி அந்தப் பக்கத்தைப் புரட்டிவிட்டு, "ஏங்க, படத்துக்கு ஒரு தடவைன்னு குடும்பத்தோட ஆம்பூர் போய் பிரியாணி சாப்பிட்டு வந்திருக்கலாமே" என்றாள். போக்குவரத்துச் செலவு சேர்த்தாலும் கணக்கு கிட்டத்தட்ட சரியாகத்தான் வருகிறது.

கேமராவைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. குடியாத்தத்தில் ஒரு வீட்டுப் பீரோவில் கிடந்த யாஷிகா எஃப்எக்ஸ்-3. 4,500 ரூபாய். மேல்தோல் சுருங்கி உரிந்திருந்தது. பின்கதவில் வெளிச்சம் புகாமல் தடுக்கும் பஞ்சு தாராய் உருகி ஒட்டியது. அதைச் சுரண்டிப் புதிதாகப் போட்டு, ஷட்டரைச் சரிபார்க்க 1,800. அதற்கப்புறம் இரண்டு பட்டன் செல் தவிர வேறு எதுவும் கேட்டதில்லை. செல் தீர்ந்தாலும் லைட் மீட்டர்தான் போகும், ஷட்டர் ஓடும். புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் எந்த கேமரா வாங்கலாம் என்று கேட்கிறார்கள். மொத்தச் செலவில் கேமராவின் பங்கு ஏழு சதவீதம். கேட்க வேண்டிய கேள்வி அதுவல்ல.

ஆரம்பத்தில் எல்லாமே கலர், கழுவுவது எல்லாமே லேப். வேலூர் பஜார் பக்கம் ஒரு காலத்தில் காலையில் ரோலைக் கொடுத்தால் சாயங்காலம் பிரிண்டே கையில் வரும். இப்போது அதே ஸ்டுடியோக்களில் பாஸ்போர்ட் சைஸ் எட்டு காப்பி மட்டும்தான். எனக்குத் தெரிந்த ஸ்டுடியோக்காரர், பாய் ஒருவரிடம் முதல் ரோலைக் கொண்டுபோய் நீட்டினேன். கையில் வாங்கி உருட்டிப் பார்த்தார். "இன்னா தம்பி, நாங்க இத்த உட்டுட்டுத் தப்பிச்சோம், நீங்க போய் மாட்டிக்கினீங்களே" என்றார். ஊட்டி ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் 1967 முதல் போட்ட 'இந்து' பிலிமில்தான் அவர் தொழில் கற்றது. அந்தக் கம்பெனியும் இன்று இல்லை. நம் நாட்டு ரோல் என்று ஒன்று கடையில் இருந்த காலம் அது. இன்று நான் வாங்குவது ஒன்று அமெரிக்காவிலிருந்து வருகிறது, இல்லையென்றால் இங்கிலாந்திலிருந்து. டாலர் ஏறினால் என் நோட்டிலும் ஏறும்.

ஆக, காட்பாடியிலிருந்து சென்னைக்குக் கூரியர். 2018இல் ஒரு கலர் ரோல் எனக்கு 380 ரூபாய்க்குக் கிடைத்தது. கழுவ 150, ஸ்கேன் 250, போகவர கூரியர் 160. மொத்தம் 940, ஒரு படம் 26 ரூபாய். கடைசியாக 2024இல் எழுதிய வரி: கோடக் கோல்டு 200 ஒரு ரோல் 1,000, கழுவ 250, ஸ்கேன் 350, கூரியர் 180. மொத்தம் 1,780. ஒரு படம் 50 ரூபாய்க்கு வந்துவிட்டது. பாருங்கள், இதில் ரோலின் விலை பாதிக்குக் கொஞ்சம் மேல்தான். மீதி எல்லாம் படம் எடுத்து முடித்த பிறகு வரும் செலவு. கடையில் ரோலின் விலையைப் பார்த்து 'பரவாயில்லையே' என்று இறங்குகிறவர்கள் சிக்கிக்கொள்வது இங்கேதான். எடுத்துவிட்டுக் கழுவக் காசில்லாமல் டிராயரில் ரோலைச் சேர்த்து வைத்திருக்கும் இரண்டு பேரை எனக்குத் தெரியும்.

லேப் என்றால் நிம்மதி என்றும் நினைக்க வேண்டாம். ஒரு லேப் அனுப்பிய ஸ்கேன் போனில் பெரிதாக்கினாலே உடைந்தது. கேட்டால், பெரிய சைஸுக்குத் தனிக் கட்டணமாம். இன்னொரு லேப்பில் நெகட்டிவை ஆறு ஆறாக வெட்டும்போது ஒரு படத்தின் நடுவிலேயே கத்தரி விழுந்திருந்தது. என் மாமியார் தலை ஒரு துண்டில், உடம்பு இன்னொரு துண்டில்.

2020இல் கூரியரும் லேப்பும் மூடிக் கிடந்தபோது கருப்பு-வெள்ளைக்கு மாறினேன். வீட்டிலேயே கழுவலாம் என்று. மருந்துக்கடைக்காரனுக்கு அளவு குவளையும் தெர்மாமீட்டரும் புதிதல்ல, எளிதாக வரும் என்று நினைத்தேன். வந்தது. ஆனால் வேலூர் வெயிலை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

பிலிமில் படத்தை வெளிக்கொண்டுவரும் மருந்தான கருப்பு-வெள்ளை டெவலப்பருக்குப் பெட்டியில் போட்டிருக்கும் நேரமெல்லாம் 20 டிகிரிக்கு. எங்கள் மாடியில் இருக்கும் கருப்பு டேங்க் தண்ணீர் மே மாத மத்தியானத்தில் 39 காட்டியது. இதில் வேடிக்கை என்னவென்றால், கலர் பிலிம் கழுவும் சி-41 முறைக்கு வேண்டியது 38 டிகிரி. குளிர்நாட்டுக்காரர்கள் அதற்கென்று ஹீட்டர் வாங்குகிறார்கள். நமக்கு அது குழாயைத் திறந்தால் வருகிறது! சரி, அப்போ கலரே கழுவலாமே என்று ஒருமுறை 3,200 ரூபாய்க்கு ஒரு கிட் வாங்கினேன். கரைத்து வைத்தால் சில வாரம்தான் தாங்கும். அதற்குள் எட்டு ரோல் சேர்த்துக் கழுவினேன். ரோலுக்கு 400 ஆனது. லேப்பில் கழுவவும் கூரியருக்கும் ஆவது 430. முப்பது ரூபாய் மிச்சத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுதும் போனது. கலரை அதோடு விட்டேன்.

கருப்பு-வெள்ளைக்கு நான் கடைசியில் நிலைத்த வழி இது. இல்ஃபோர்ட் எச்பி5 பிளஸ் பிலிம், டி-76 டெவலப்பர், ஒரு பங்குக்கு ஒரு பங்கு தண்ணீர். 20 டிகிரியில் 11 நிமிடம். கோடையில் 20க்கு இறக்க மெனக்கெடுவதில்லை. பிளாஸ்டிக் தொட்டியில் ஐஸ் போட்டு, டெவலப்பர், அது தொடாத வெள்ளியைக் கரைத்தெடுத்துப் படத்தை நிலைக்க வைக்கும் ஹைப்போ, அலசும் தண்ணீர் மூன்றையும் ஒன்றாக உட்கார வைத்து 24க்குக் கொண்டுவருவேன். 24 டிகிரிக்கு நேரம் ஏழரை நிமிடம். டெவலப்பரைத் தண்ணீர் கலக்காமல் ஊற்றினால் இந்தச் சூட்டில் ஐந்து நிமிடத்துக்கே வந்து நின்றுவிடும். அவ்வளவு குறைந்த நேரத்தில் படம் திட்டுத் திட்டாக வரும். தண்ணீர் கலப்பது சிக்கனத்துக்காக மட்டுமல்ல, நேரத்தை நீட்டவும்தான்.

மூன்றும் ஒரே சூட்டில் இருக்க வேண்டும் என்பதை ஒரு ரோல் கொடுத்துக் கற்றேன். டெவலப்பரை மட்டும் குளிர வைத்துவிட்டுக் கடைசியில் குழாய்த் தண்ணீரில் அலசினேன். பிலிமின் மேல்படலம் ஊறிப்போய், விரல் நகம் பட்ட இடமெல்லாம் கோடு. பாய் இதைத்தான் சொன்னார்: "சூட்டுத் தண்ணில போட்டா வேகவச்ச உருளைக்கிழங்கு தோலு மாதிரி வந்துடும்." நான்தான் கேட்கவில்லை.

அலசவும் ஓடும் தண்ணீர் தேவையில்லை. பிலிம் கழுவும் சின்ன டேங்க்கை நிரப்பி ஐந்து தடவை கவிழ்த்து எடுத்துக் கொட்டு, மறுபடி நிரப்பிப் பத்து தடவை, அப்புறம் இருபது தடவை. இல்ஃபோர்ட்காரர்களே சொல்லும் முறைதான். மொத்தம் ஒரு லிட்டருக்குள் முடியும். பாலாற்றில் தண்ணீர் பார்க்க ஜனம் பாலத்தில் வண்டியை நிறுத்தும் ஊரில் இது பெரிய விஷயம். கடைசி முக்கல் மட்டும் பேட்டரி கடையில் விற்கும் டிஸ்டில்டு வாட்டரில். எங்கள் போர் தண்ணீரில் முக்கினால் காய்ந்ததும் வெள்ளைப் பொட்டு நிற்கும், துடைத்தாலும் போகாது.

இப்போது நோட்டில் இருக்கும் ஒரு வரி. 2022, மயானக் கொள்ளை. சிவராத்திரிக்கு மறுநாள் பாலாற்று மணலில் ஊரே கூடும். வேஷம் கட்டியவர்கள், தூள் பறக்கும் வெளிச்சம், சூரை விடும் கொழுக்கட்டையும் சுண்டலும். மூன்று மணி நேரம் நின்று 36 படத்தையும் பார்த்துப் பார்த்து எடுத்தேன். இரவு பத்து மணிக்குக் கடையை மூடிவிட்டு வந்து கழுவ உட்கார்ந்தேன். டெவலப்பரும் ஹைப்போவும் ஒரே மாதிரி பழுப்பு பாட்டில். தூக்கக் கலக்கத்தில் ஹைப்போவை முதலில் ஊற்றிவிட்டேன். வாசனை வந்தது. புளிச்ச வாடை. கை நின்றுவிட்டது. ஆனாலும் மனசு கேட்காமல் எல்லாவற்றையும் முடித்துத்தான் டேங்க்கைத் திறந்தேன். ஓரத்தில் இருக்கும் கம்பெனிப் பெயரும் நம்பரும்கூட இல்லை, முழு ரோலும் கண்ணாடி. (ஓரத்து எழுத்து இருந்து படம் மட்டும் இல்லையென்றால் பெரும்பாலும் பிலிம் கேமராவுக்குள் மாட்டிச் சுற்றவே இல்லை என்று அர்த்தம். எழுத்தும் இல்லையென்றால் கழுவியதில் கோளாறு. அந்த வித்தியாசம் எனக்கு இரண்டு விதமாகவும் தெரியும்.) மறுநாள் ஹைப்போ பாட்டில் கழுத்தில் சிவப்பு ரப்பர் பேண்ட் போட்டேன். இருட்டிலும் கையில் தட்டுப்படும். விஷ மருந்து பாட்டிலுக்குக் கடையில் செய்வதை வீட்டில் செய்ய எனக்கு இரண்டு வருடம் ஆகியிருக்கிறது.

நோட்டில் அதற்கு நேரே 738 என்று இருக்கிறது. அந்த 738 வந்த விதம்: ரோலாக வாங்காமல் 100 அடி டப்பாவாக வாங்கினேன், 12,200 ரூபாய். அதில் 36 படம் கொள்ளும் ரோல் 18 சுற்றலாம். ஒன்றுக்கு 678. காலி உருளைகள் பாய் எங்கிருந்தோ தேடிக் கொடுத்தார். டி-76 ஒரு லிட்டர் பாக்கெட்டில் ஆறு ரோல் கழுவுவேன், ரோலுக்கு 40. ஹைப்போவுக்கு 20. ஸ்கேன் வீட்டில். ஒரு படம் இருபது ரூபாய் ஐம்பது காசு. இதையே தனி ரோலாக வாங்கி லேப்பில் கொடுத்திருந்தால் 1,880 ஆகியிருக்கும், ஒரு படம் 52.

சாமான் செலவு தனி. டேங்க், இருட்டுப் பை, ரோல் சுற்றும் பெட்டி, லைட் பேட், நெகட்டிவ் பிடிக்கும் சட்டம், லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவே போடும் டியூப் எல்லாம் சேர்த்து 14,150. பதின்மூன்றாவது ரோலில் அசல் திரும்பிவிட்டது. வருடத்துக்கு ஆறு ரோல்கூட ஓட்டாதவர்கள் இதில் இறங்க வேண்டாம். டெவலப்பர் பாட்டிலிலேயே கெட்டுப்போகும்.

ஸ்கேனும் நிறைய மிச்சம் பிடித்தது. கையில் ஏற்கெனவே இருந்த டிஜிட்டல் கேமராவைத் தலைகீழாக ஸ்டாண்டில் மாட்டி, கீழே லைட் பேட், அதன் மேல் நெகட்டிவ். விளக்கை அணைத்துவிட்டால் ஒரு ரோலுக்கு இருபது நிமிடம். டார்க்டேபிள் என்ற இலவச மென்பொருளில் நெகட்டிவைப் பாசிட்டிவாகத் திருப்ப ஒரு வசதியே இருக்கிறது. கருப்பு-வெள்ளைக்கு லேப் ஸ்கேனர் மேல் எனக்கு இருந்த பெரிய மரியாதை போய்விட்டது. கலர் நெகட்டிவில் தூசியையும் கீறலையும் அகச்சிவப்பு ஒளி வைத்துத் தானாகவே அழிக்கும் வேலை, வெள்ளித் துகள் இருக்கும் கருப்பு-வெள்ளையில் பலிக்காது. அவர்கள் ஸ்கேனிலும் தூசி வரும், என்னுடையதிலும் வரும். என்னுடையதை நான் ஊதிவிட்டு மறுபடி எடுப்பேன். கலரில் மட்டும் நெகட்டிவில் இருக்கும் ஆரஞ்சுப் பூச்சை நீக்கி மனித முகத்தின் நிறத்தைக் கொண்டுவருவது என்னால் ஆகவில்லை. எல்லாருக்கும் மஞ்சள்காமாலை மாதிரி இருந்தது. மருந்துக்கடைக்காரனாகச் சொல்கிறேன், நல்லதல்ல. கலருக்கு இன்னும் 350 கொடுக்கிறேன்.

ரோலை எங்கே வைப்பது என்பதும் இந்த ஊரில் செலவுதான். முதல் வருடம் கடை பிரிட்ஜில் இன்சுலின் பக்கத்தில் வைத்தேன். மருந்து ஆய்வாளர் வந்த அன்று அவர் பார்வை போன போக்கைப் பார்த்து அன்று சாயங்காலமே வீட்டுக்கு மாற்றினேன். இப்போது தயிர் பாத்திரத்துக்குப் பின்னால் டப்பா. வெளியே எடுத்ததும் உடனே திறந்தால் வியர்க்கும், இரண்டு மணி நேரம் விட்டுத்தான் கேமராவில் போடுவேன். கத்திரி வெயிலில் பைக் பெட்டிக்குள் மறந்த ஒரு கலர் ரோல், விரிஞ்சிபுரம் கோயில் மதிலை முழுக்க ஊதா நிறத்தில் காட்டியது. 'திருவிரிஞ்சை மதிலழகு' என்று பழமொழி சொன்னவர் பார்த்தால் வருந்துவார்.

ஒரே ஒரு வரிக்கு மட்டும் நோட்டில் தொகை போடவில்லை. பழைய ஹைப்போ. பிலிமிலிருந்து கரைந்த வெள்ளி அதில் இருக்கிறது. சாக்கடையில் ஊற்றினால் எங்கே போகும் என்று தோல் கழிவைப் பார்த்தே வளர்ந்த இந்தப் பக்கத்து ஆளுக்குச் சொல்லவே வேண்டாம். ஒரு லிட்டரில் 15 ரோலுக்கு மேல் ஓட்டுவதில்லை, தீர்ந்ததை ஐந்து லிட்டர் கேனில் ஊற்றி மூடி வைக்கிறேன். ஸ்டீல் வுல் (இரும்பு நார்) போட்டு வைத்தால் வெள்ளி அடியில் சேறாகப் படியும். லாங் பஜாரில் ஒரு பட்டறைக்காரரிடம் கேட்டேன். "எவ்ளோ கிராம் வரும்?" என்றார். சொன்னேன். டீ சொல்லி அனுப்பினார், பேச்சை மாற்றினார்.

கேனில் இப்போது மூன்று லிட்டர் இருக்கிறது.