தூக்கிய ஹைலக்ஸுக்கு எந்த டயர்: 285ஐக் கழற்றிவிட்டு 265/70 போட்டேன்

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ரெண்டு இன்ச் லிஃப்ட் போட்ட (சஸ்பென்ஷனில் உயர்த்திய) டபிள் கெப் பிக்கப் வைத்திருக்கிறீர்கள், 17 இன்ச் ரிம், தோட்டப் பாதையிலும் தார் ரோட்டிலும் மாறி மாறி ஓடுகிறீர்கள் என்றால் 265/70 ஆர்17 ஓல் டெரெய்ன் (எல்லாப் பாதைக்குமான டயர்) போடுங்கள். 265 என்பது மில்லிமீட்டரில் டயரின் அகலம், 70 என்பது அந்த அகலத்தில் பக்கச்சுவரின் உயரம் எத்தனை சதவீதம் என்பது, 17 என்பது ரிம்மின் இன்ச். அதற்கு மேல் போக வேண்டாம். நான் போனேன். 285/70 மட் டெரெய்ன் (சேற்றுக்கான டயர்) ஒரு செட் வாங்கிப் போட்டு, ஐந்து வாரத்தில் கழற்றி நட்டத்துக்கு விற்றேன்.

என்னுடையது பழைய டொயோட்டா ஹைலக்ஸ் விகோ, 3 லீட்டர் டீசல், மெனுவல் கியர். கம்பனியில் வந்த டயர் 265/65 ஆர்17. இலங்கையில் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தியதிலிருந்து புது வண்டி என்ற நினைப்பையே விட்டாயிற்று, 2025இல் மறுபடி திறந்த பிறகும் வரியோடு சேர்த்து விலை கேட்டால் இருக்கிற வண்டியை நன்றாகப் பார்த்துக்கொள்வதுதான் புத்தி என்று தோன்றுகிறது. அக்கரபத்தனைப் பக்கம் கரட், கோவா, லீக்ஸ் ஏற்றுகிறேன். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் அடித்த பிறகு எங்கள் பக்கத்துத் தோட்டப் பாதை பாதையாகவே இல்லை. தார் பெயர்ந்து, நடுவில் கல் துருத்திக்கொண்டு, ஓரத்தில் மண் இறங்கிப்போய்க் கிடந்தது. மரக்கறி ஏற்றிக்கொண்டு வரும்போது பின் டிஃப் (பின் எக்ஸல் நடுவில் இருக்கும் பல்சக்கரப் பெட்டி) ரெண்டு தடவை கல்லில் அடித்தது. அந்தச் சத்தம் கேட்ட பிறகுதான் லிஃப்ட் போட முடிவெடுத்தேன்.

இங்கேதான் நிறையப் பேருக்கு ஒரு விஷயம் விளங்குவதில்லை, எனக்கும் அப்போது விளங்கவில்லை. லிஃப்ட் போட்டால் சேசியும் வண்டியின் உடலும் உயரும், ஆனால் பின் எக்ஸலும் அதன் நடுவில் தொங்கும் டிஃப் உருண்டையும் இருந்த இடத்திலேயே இருக்கும். அதை உயர்த்துவது டயர் மட்டும்தான், அதுவும் டயரின் விட்டம் எவ்வளவு கூடுகிறதோ அதில் பாதி. கணக்குப் போட்டுப் பாருங்கள். 265/65 ஆர்17 டயரின் விட்டம் 776 மில்லிமீட்டர், 265/70 என்றால் 803, 285/70 என்றால் 831. அப்படியென்றால் 265/70 போட்டால் டிஃப் 13 மில்லிமீட்டர் உயரும், 285/70 போட்டால் 27. ரெண்டுக்கும் நடுவில் 14 மில்லிமீட்டர், ஒரு விரல் அகலம். அந்த ஒரு விரலுக்காக நான் கொடுத்த விலையைத்தான் இனிச் சொல்லப்போகிறேன்.

285 வாங்கிய கடையில், “தம்பி, லிஃப்ட் போட்டாச்சுன்னா முப்பத்திமூணு இன்ச் டயர் தாராளமா போகும்” என்றார்கள். நேராக ஓடும்போது போகிறதுதான். ஆனால் எங்கள் தோட்டத்து வளைவுகளில் ஒரே தடவையில் வண்டியைத் திருப்ப முடியாது, ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து, கொஞ்சம் பின்னுக்கு எடுத்து, மறுபடி முன்னுக்குப் போக வேண்டும். அப்படி ஒடிக்கும்போதெல்லாம் முன் டயரின் பின்பக்கத் தோள் மட்கார்ட் உள்பிளாஸ்டிக்கில் உரசியது. லிஃப்ட் மேல்பக்கம்தான் இடம் கொடுக்கும். ஸ்டியரிங்கை ஒடித்தால் டயர் பின்னுக்கும் பக்கத்துக்கும் அல்லவா சுழல்கிறது, அந்த இடத்தை லிஃப்ட் கூட்டுவதில்லை. வெளியே தள்ளிய ஒஃப்செட் ரிம் போட்டால் சரியாகும் என்று சிலர் சொல்வார்கள், அது டயரை இன்னும் பெரிய வட்டத்தில் சுழற்றி உரசலைக் கூட்டத்தான் செய்யும்.

உரசலைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், பிளாஸ்டிக்கை வெட்டினால் முடிந்தது. எனக்குப் பயம் பிடித்தது இறக்கத்தில். நுவரெலியாவிலிருந்து லபுக்கலை, றம்பொடை வழியாக கம்பளைக்கு இறங்குகிற ரோடு தெரிந்தவர்களுக்குத் தெரியும், பாரம் ஏற்றிய வண்டியை அங்கே கியரில்தான் பிடித்து இறக்க வேண்டும், பிரேக்கை நம்பி இறங்கினால் பாதி வழியில் சூடேறி நாறும். டயர் விட்டம் 7 சதவீதம் கூடினால் எல்லா கியரும் 7 சதவீதம் நீண்டுவிட்ட மாதிரி. முன்பு செகண்ட் கியரில் இழுத்துப் பிடித்த இஞ்சின் இப்போது வண்டியை விட்டுக்கொடுக்கிறது, நான் பிரேக்கை மிதித்துக்கொண்டே இருக்கிறேன், அந்த பிரேக்கும் முன்பைவிடப் பெரிய, கனமான சக்கரத்தை நிறுத்த வேண்டியிருக்கிறது. ஏற்றத்திலும் இதே கதை, தேர்டில் ஏறிய இடமெல்லாம் செகண்டுக்கு வந்தது. அப்புறம் மழை. மட் டெரெய்ன் டயரின் பெரிய கட்டைகளில் மெல்லிய கீறல்கள் குறைவு, சேற்றில் அது அருமையாகக் கடிக்கும், நனைந்த தார் ரோட்டில் அதே டயர் வழுக்கும். வருஷத்தில் பாதி நாள் ரோடு நனைந்திருக்கிற ஊரில் இதைத் தெரிந்துகொண்டே வைத்திருக்க எனக்கு மனம் வரவில்லை, பிள்ளைகளும் அந்த வண்டியில்தான் வருகிறார்கள்.

265/70 வாங்கியது ஹட்டனில் ஒரு சின்ன கடையில். அந்தக் கடை அண்ணனைப் பாராட்டித்தான் ஆக வேண்டும். ஐந்து டயரையும் விற்றுவிடலாம் என்று அவசரப்படவில்லை. ஒன்றை மட்டும் ரிம்மில் ஏற்றி முன் இடது பக்கம் பூட்டி, அந்தச் சக்கரத்தை ஒரு கட்டைமேல் ஏற்றி ஸ்பிரிங்கை அமுக்கி, “இப்ப லொக் வரைக்கும் ஒடிங்க” என்றார். இரண்டு பக்கமும் ஒடித்தோம். அவர் டோர்ச் அடித்துப் பார்த்து, மட்ஃப்ளாப்பின் ஓரம் மட்டும் லேசாகப் படுகிறது என்று காட்டினார், அதை வெட்டியதோடு சரி. தயாரித்த திகதியையும் அவரே காட்டினார். டயரின் பக்கச்சுவரில் டிஓடி எழுத்துகளின் கடைசியில் நாலு இலக்கம் இருக்கும், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருஷம். 3225 என்றால் 2025ஆம் ஆண்டின் 32ஆவது வாரம். பெரிய சைஸ் டயர்கள் கடையில் சீக்கிரம் விலைபோவதில்லை, அதனால் பழைய டயர் தலையில் கட்டப்பட வாய்ப்பு அதிகம், இதைப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

இப்போது நாலாவது மாதம் ஓடுகிறது. அதே றம்பொடை இறக்கத்தில் செகண்ட் கியர் மறுபடி வண்டியைப் பிடிக்கிறது, 3.4 சதவீத வித்தியாசம் காலுக்குத் தெரியவே இல்லை. ஸ்பீடோ மீட்டர் முன்பு கொஞ்சம் கூட்டிக் காட்டும், இப்போது போன் ஜிபிஎஸ்ஸோடு கிட்டத்தட்ட ஒத்துப்போகிறது. ஒன்றைக் கவனியுங்கள், 100 கிலோமீட்டர் ஓடினால் மீட்டரில் ஏறுவது பழைய கணக்கில் 97தான், டீசல் குடிக்கிறது என்று பதறுவதற்கு முன் அதைச் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். தோட்டத்துப் பாதையில் டிஃப் இதுவரை ஒரு கல்லிலும் அடிக்கவில்லை. சேற்றில் 285 அளவுக்குக் கடிக்காது, உண்மைதான், மழைநாளில் அந்த மேல் லயத்து ஏற்றத்துக்கு ஃபோர் லோ (நாலு சக்கரமும் இழுக்கும் குறைந்த கியர்) போட்டு, டயர் காற்றை 24 பிஎஸ்ஐக்கு இறக்கினால் ஏறிவிடுகிறது.

குறை இல்லாமல் இல்லை. எல்டி (லைட் ட்ரக்) ரக டயர், பக்கச்சுவர் தடிப்பு, பழையதைவிட ஒன்று ஆறேழு கிலோ கனம். வெறும் வண்டியில் போனால் முதுகுக்குத் தெரியும், பாரம் ஏற்றினால் பஞ்சு மாதிரி. சின்னக் கற்கள் கட்டைகளுக்கு நடுவில் சிக்கி தார் ரோட்டில் டக்டக் என்கின்றன. லோட் இன்டெக்ஸ் 121, அதாவது முழுக் காற்றில் ஒரு டயர் 1450 கிலோ தாங்கும். அதைப் பார்த்து யாரும் கூடுதலாக ஏற்றிவிடாதீர்கள், எக்ஸலும் ஸ்பிரிங்கும் பிரேக்கும் பழையவைதான்.

வாங்கினால் ஐந்தாக வாங்குங்கள். ஸ்பெயார் மட்டும் பழைய சைஸில் இருந்து, பஞ்சரான நாளில் அதைப் பின்னுக்குப் பூட்டிக்கொண்டு ஃபோர்வீல் போட்டால் முன்னும் பின்னும் வேறு வேறு வேகத்தில் சுற்றி கியர்பெட்டியை முறுக்கும். 285 ஸ்பெயார் என் வண்டியின் அடியில் சரியாக ஏறவும் இல்லை, 265/70 ஏறியது. வீல் எலைன்மென்ட் கட்டாயம். ஹெட்லைட்டையும் கீழே இறக்கி வையுங்கள், தூக்கிய வண்டியின் வெளிச்சம் பனிமூட்டத்தில் எதிரே வருகிறவர் கண்ணைக் குருடாக்கும்.

நூறு கிலோமீட்டர் ஓடியதும் நட்டை மறுபடி இறுக்கிப் பார்க்கச் சொல்லித்தான் ஹட்டன் அண்ணன் அனுப்பினார். தலவாக்கலையில் நிறுத்திப் பார்த்தேன், பின் வலது சக்கரத்தில் இரண்டு நட் இன்னும் கால் சுற்று இறுகியது.